ஒல்லியான உடம்புக்கும் உறக்கத்தில் மூச்சு ஏன் அடைக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து இரவில் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். பல வருடமாகவே குறட்டை உண்டு. இந்த ஒரு வருடமாகக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறது. மூச்சே இல்லாமல் கிடப்பார். பிறகு திணறி எழுவதுபோல ஒரு சத்தம் போட்டு மறுபடி தொடங்கும். பயந்துபோய் மதுரையில் ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) எடுத்தோம். ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு அடைபட்டது என்ற கணக்கு) 34, மல்லாந்து படுக்கும்போது 52, ஒருக்களித்துப் படுக்கும்போது 11, ஆக்சிஜன் 78 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. முகமூடி மாட்டிக் காற்றை அனுப்பும் சிபாப் மெஷின் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் அவர் குண்டானவரே இல்லை. உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. கல்யாணத்தின்போது 58 கிலோ இருந்தார். "குண்டா இருக்கறவங்களுக்கு வர்ற வியாதி இவனுக்கு எப்படி வரும்? குறட்டை விட்டா நல்லா அசந்து தூங்குறான்னு அர்த்தம்" என்கிறார் மாமியார். மறைந்த மாமனாருக்கும் இதே குறட்டைதான். இவருக்கு மூக்குத் தண்டு வளைந்திருப்பதாக முன்பே ஒரு டாக்டர் சொன்னார். அதை ஆபரேஷன் செய்துவிட்டால் மெஷின் தேவைப்படாதா? லோடு இறக்கிவிட்டு வந்த பகலில் தூக்கம் வராமல் எப்போதாவது தூக்க மாத்திரை போடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் குடிப்பதும் உண்டு. 7 வயது மகனும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான். இதற்கெல்லாம் காரணம்தான் என்ன?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட்டை நம்புங்கள். இரவில் பக்கத்தில் படுத்து நீங்கள் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் அந்தக் கருவி எண்ணிச் சொல்லியிருக்கிறது. இது குண்டானவர்களின் வியாதி என்ற பேச்சு பாதி உண்மை. தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்வதுதான் இந்த நோய். ஆங்கிலத்தில் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். உடல் பருமன் அது மூடிக்கொள்வதற்கான காரணங்களில் ஒன்று. மிகப் பெரிய காரணமும்கூட. ஆனால் ஒரே காரணம் அல்ல. உங்கள் கடிதத்திலேயே அரை டஜன் காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். உங்கள் கணவருக்கு எது எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்தால்தான், எதைச் செய்தால் பலன் கிடைக்கும், எதற்குச் செலவழித்தால் வீண் என்பது புரியும்.

கிணற்று மோட்டாரை வைத்துச் சொல்கிறேன். தண்ணீரை வெளியே தள்ளும் பக்கம், சுருட்டி வைக்கக்கூடிய தட்டை ஹோஸ் போதும். தண்ணீரின் அழுத்தமே அதை விரித்து வைத்துக்கொள்ளும். அதே ஹோஸை உறிஞ்சும் பக்கம் மாட்டினால் மோட்டாரைப் போட்ட நொடியில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உறிஞ்சும் பக்கத்துக்கு மட்டும் கம்பிச் சுருள் பதித்த கெட்டி ஹோஸ் வாங்குகிறோம்.

மூச்சை இழுப்பதும் உறிஞ்சும் வேலைதான். நெஞ்சுக்குள் இறங்கும் மூச்சுக்குழாயில் 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. கம்பிச் சுருள் செய்யும் வேலையை அவை செய்கின்றன. மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் சுவர். இரண்டுக்கும் நடுவில், மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் தொடங்கும் இடத்திலிருந்து குரல்வளை வரைக்கும், தொண்டைக்கு அப்படி எந்த முட்டும் கிடையாது. சோறும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும், பேச்சும் அங்கேதான் உருப்பெற வேண்டும் என்பதால் அது சுருங்கி விரிகிற தசைக் குழாயாகவே அமைந்துவிட்டது. உறிஞ்சும் பக்கத்தில் தட்டை ஹோஸ் மாட்டிய மாதிரி.

விழித்திருக்கும்போது அது ஒட்டாமல் காப்பவை தசைகள். இருபதுக்கும் மேற்பட்ட சிறு தசைகள் தொண்டையைச் சுற்றி வேலை செய்கின்றன. அவற்றில் முக்கியமானது முகவாயின் உட்புறம் தொடங்கி நாக்குக்குள் விசிறிபோல விரியும் தசை. ஒவ்வொரு முறை மூச்சை இழுப்பதற்கும் ஒரு கணம் முன்பே மூளை அந்தத் தசையை முறுக்கி நாக்கை முன்னே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. தூக்கம் வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. கனவு காணும் தூக்கத்தில் இன்னும் மோசமாகத் தளர்கிறது. எல்லா மனிதருக்கும் இது நடக்கிறது. வழி அகலமாக உள்ளவருக்குத் தளர்ந்தாலும் காற்று போகும். ஏற்கெனவே குறுகலாக உள்ளவருக்குச் சுவர்கள் அதிரும். அந்த அதிர்வுதான் குறட்டை. இன்னும் குறுகினால் ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் உங்கள் வீட்டில் அந்த மௌனம். நெஞ்சும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, கரியமில வாயு ஏறி, மூளை சில நொடிகள் விழித்துத் தசையை முறுக்கியதும் வழி திறக்கிறது. நீங்கள் கேட்கும் திணறல் சத்தம் அதுதான். அடுத்த நிமிடம் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

ஏ.எச்.ஐ. 34 என்றால் ஒரு மணி நேரத் தூக்கத்தில் 34 முறை, ஒவ்வொன்றும் குறைந்தது 10 நொடி, மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்று பொருள். ஆறு மணி நேரம் தூங்கினால் இருநூறு முறைக்கு மேல். பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: இருநூறு முறை எழுப்பிவிடப்பட்டவரை அசந்து தூங்கினார் என்று சொல்ல முடியாது.

இப்போது அவருடைய காரணங்களுக்கு வருவோம். ஒல்லியானவருக்கு இந்த நோய் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தாடை. கீழ்த்தாடையை ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் நாக்கு அதற்குள் வைத்த சாமான். பெட்டி சிறியதாகவோ பின்னே தள்ளியோ இருந்தால் சாமான் பின்பக்கமாகப் பிதுங்கும். பின்பக்கம் இருப்பது மூச்சு வழி. ஆசிய மக்களில் பலருக்கு, ஐரோப்பியர்களைவிடக் குறைந்த உடல் எடையிலேயே இந்த நோய் வருவதற்கு முக அமைப்பும் ஒரு காரணம். மேலண்ணம் குறுகி உயர்ந்து, கோபுரம்போல இருந்தாலும் இதே கதைதான்: நாக்கு மேலே படிய இடமில்லாமல் பின்னே போகும்.

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். அவரை நேராக நிற்கச் சொல்லிப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். முகவாய் கீழுதட்டைவிட நன்றாக உள்ளே தள்ளியிருக்கிறதா பாருங்கள். பற்களைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் முன்பின்னாகச் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் தாடை பின்வாங்கியிருக்கலாம். பிறகு உட்கார்ந்த நிலையில், 'ஆ' என்று சத்தம் கொடுக்காமல், வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டட்டும். உள்நாக்கு முழுதும் தெரிந்தால் தொண்டை விசாலம். உள்நாக்கின் அடி மட்டும் தெரிந்தாலோ, ஒன்றுமே தெரியாமல் நாக்கு மறைத்தாலோ இடம் நெருக்கடி. நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம் வரிசையாக இருந்தால், பெட்டிக்குச் சாமான் பெரிது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். இவையெல்லாம் நோயை உறுதி செய்யும் சோதனைகள் அல்ல. மருத்துவர் கேமரா உள்ள மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் உங்களுக்கு ஒரு தெளிவு கிடைக்கும், அவ்வளவுதான்.

இங்கே மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் முகவாய் அடிபட விழுந்தோ, காதில் சீழ் வைத்தோ, தாடை மூட்டு இறுகிப்போய் வாயைச் சரியாகத் திறக்க முடியாத பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மூட்டு இறுகினால் கீழ்த்தாடை வளராது. எலும்பும் தோலுமான உடம்போடு, உட்கார்ந்தபடியே தூங்கும் அளவுக்கு மிகத் தீவிரமான மூச்சடைப்பு வருவது இவர்களுக்குத்தான். விழுந்த குழந்தைக்குச் சில வாரங்களில் வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தால் முகத்தாடை அறுவை நிபுணரிடம் உடனே காட்ட வேண்டும்.

அடுத்தது எடை. ஆம், உங்கள் கணவர் விஷயத்திலும் எடைக்குப் பங்கு உண்டு. 168 செ.மீ. உயரத்துக்கு 68 கிலோ என்றால் பி.எம்.ஐ. 24. வெளிநாட்டு அட்டவணைப்படி அது இயல்பு. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்பதே நம் மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. ஏனென்றால் நமக்கு ஏறும் கொழுப்பு கை கால்களுக்குப் போகாமல் வயிற்றில் தங்குகிறது. கல்யாணத்துக்குப் பின் ஏறிய 10 கிலோ அவருடைய பழைய எடையில் 17 சதவீதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 690 பேரை நான்கு ஆண்டு இடைவெளியில் சோதித்து, 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, எடை 10 சதவீதம் கூடினால் ஏ.எச்.ஐ. ஏறக்குறைய 32 சதவீதம் கூடுவதாகவும், 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறைவதாகவும் காட்டியது.

கொழுப்பு எங்கே போய் அடைக்கிறது? பலரும் கழுத்தை மட்டுமே நினைக்கிறார்கள். தொண்டையின் இருபக்கச் சுவர்களுக்குள்ளும், நாக்கின் தசைக்குள்ளேயே, முக்கியமாக அதன் அடிப்பகுதியிலும் கொழுப்பு சேர்கிறது. எடை குறைந்தவர்களுக்கு மூச்சடைப்பு தணிவதில் நாக்குக் கொழுப்பு கரைவதற்குப் பெரும் பங்கு இருப்பது எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. இன்னொரு வழி வயிறு. தொப்பை உதரவிதானத்தை மேலே தள்ளினால், படுத்த நிலையில் நுரையீரலின் கொள்ளளவு குறைகிறது. நுரையீரல் விரிந்திருக்கும்போது அது மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்து, அதோடு ஒட்டிய தொண்டையையும் விறைப்பாக வைத்திருக்கும். கயிற்றுக் கொடியை ஒரு பக்கம் இறுக்கிக் கட்டினால் தொய்யாது, தளர்த்தினால் தொய்ந்துவிடும் அல்லவா, அப்படி. ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தைவிட இஞ்சு டேப் உங்களுக்கு அதிகம் சொல்லும். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல், பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். கழுத்துக்கு, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளந்து ஆண்களுக்கு 43, பெண்களுக்கு 41 செ.மீ. என்பது வழக்கமான எச்சரிக்கை அளவு. அதற்குக் குறைந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் கொள்ளக் கூடாது. எடையைக் குறைக்கவே ஊசியாகப் போடும் மருந்துகளில் டிர்செபடைடுக்கு, இந்த நோயோடு உடல் பருமனும் உள்ளவர்களுக்குத் தரலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. உங்கள் கணவருக்கு அது பொருந்தாது. அவர் 6, 7 கிலோ குறைந்து, வயிறு உள்ளே போனால் போதும்.

மூக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் உவமையையே தொடர்ந்தால், மூக்கு என்பது கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வு. அதில் குப்பை அடைத்தால் மோட்டார் இன்னும் வலுவாக உறிஞ்சும், வலுவாக உறிஞ்ச உறிஞ்ச நடுவில் உள்ள தட்டை ஹோஸ் ஒட்டும். மூக்குத் தண்டு வளைவு, ஒவ்வாமையால் மூக்குச் சதை வீங்குவது, பாலிப் சதை வளர்வது எல்லாம் இந்த வகையில் உதவிக் குற்றவாளிகள். மூக்கு அடைத்தவர் வாயைத் திறந்து தூங்குவார். வாய் திறந்ததும் கீழ்த்தாடை கீழும் பின்னுமாகச் சாய்ந்து நாக்கையும் பின்னே தள்ளும். ஆனால் அடைப்பு விழும் இடம் தொண்டை. அதனால் மூக்குத் தண்டு ஆபரேஷனால் மூக்கு நன்றாகத் திறக்கும், குறட்டைச் சத்தமும் சிலருக்குக் குறையும். 34 என்ற எண் பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். "இதைச் செய்தால் மெஷின் வேண்டாம்" என்று யாராவது உறுதி கொடுத்தால், அந்த உறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். மெஷினோடு பழகுவதற்கு மூக்கடைப்பு இடைஞ்சலாக இருந்தால், அப்போது அந்த ஆபரேஷனுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: மூக்கு திறந்தால் மெஷின் குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்யும். இன்னொரு விஷயம், மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விடும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடரக் கூடாது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வீங்கி அடைக்கும். ஒவ்வாமைக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. அதை மாதக்கணக்கில் விடலாம்.

மதுவும் தூக்க மாத்திரையும் உங்கள் கடிதத்தில் கடைசிக்கு அருகில்தான் வந்திருக்கின்றன. நான் அவற்றை முதல் வரியில் வைப்பேன். மது, நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் அந்தத் தசையைக் குறிப்பாகத் தளர்த்துகிறது. மூக்குச் சதையையும் வீங்க வைக்கிறது. தூக்கத்துக்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குடித்தால் பாதிப்பு மிக அதிகம். வெறும் குறட்டை மட்டும் உள்ளவருக்குக்கூடக் குடித்த இரவில் மூச்சு நிற்கலாம். அல்பிரசோலம், டயசெபம் வகை மாத்திரைகளால் தொண்டைத் தசை தளர்வது ஒரு பக்கம். அதைவிட ஆபத்து, அடைப்பு விழுந்ததும் எழுப்பிவிட வேண்டிய மூளையை அவை மந்தமாக்குவது. சீக்கிரம் முடிய வேண்டிய அடைப்பு நீளலாம். ஆக்சிஜன் இன்னும் கீழே போகலாம். இரண்டையும் ஒரே நாளில் எடுப்பது உயிரோடு விளையாடுவது. எப்போதாவது ஒன்று என்பதால் அவர் மாத்திரையை இன்றே விட்டுவிடலாம். தினமும் பல மாதமாகப் போடும் மற்றவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வலிக்காகக் கொடுக்கும் டிரமடால் போன்ற மருந்துகளும் மூச்சை மட்டுப்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓட்டுநர் தொழிலில் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கிறது. எட்டுப் பத்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே இருந்தால் காலில் நீர் இறங்கித் தேங்கும். சாக்ஸ் அல்லது செருப்பு வாரின் தடம் கணுக்காலில் ஆழமாகப் பதிந்திருந்தால் அதுதான். படுத்ததும் அந்த நீர் மேலேறி ஒரு பகுதி கழுத்துத் திசுக்களுக்கு வந்து சேருகிறது. தொண்டை வெளியிலிருந்து நெருக்கப்படுகிறது. பருமன் இல்லாத ஆண்களிடமே செய்த ஆய்வுகளில், அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரவில் இந்த நீர் நகர்வும் மூச்சடைப்பும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மூச்சடைப்பு அதிகம் வருவதில் இதற்கும் பங்குண்டு. வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு ஏறும் சாப்பாட்டைக் குறைக்கட்டும்.

ரிப்போர்ட்டில் மிக உபயோகமான வரி ஒன்று இருக்கிறது: மல்லாந்தால் 52, ஒருக்களித்தால் 11. மல்லாந்து படுக்கும்போது நாக்கும் மெல்லண்ணமும் தம் எடையாலேயே பின்னே சாய்கின்றன. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதைப் பார்த்தால், தாடைக்கும் நாக்கடிக்கும் பங்கு பெரிது என்றே நான் கணிக்கிறேன். பழைய பனியனின் முதுகுப் பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்து வைத்துவிட்டால் தூக்கத்தில் மல்லாக்கத் திரும்ப விடாது. முதுகுக்குப் பின்னால் உருட்டுத் தலையணை வைப்பதும் உதவும். தலைக்கு இரண்டு மூன்று தலையணை அடுக்குவது கெடுதல். கழுத்து மடங்கி முகவாய் நெஞ்சில் பட்டால் வழி இன்னும் குறுகும். உயர்த்துவதானால் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 செ.மீ. அளவுக்குக் கட்டிலையே உயர்த்துங்கள். ஆனால் ஒருக்களித்தாலும் 11 இருக்கிறது, ஆக்சிஜனும் 78 வரை இறங்கியிருக்கிறது என்பதால் பந்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

தொண்டையின் அமைப்பு ஒரு பக்கம் இருக்க, மூளை மூச்சை நடத்தும் விதமும் ஒரு காரணம் என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. வண்டி லேசாக விலகினால் நல்ல ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புவார். பதறும் ஓட்டுநர் முழுக்கத் திருப்பி வண்டியை மறுபக்கம் கொண்டுபோவார். சிலருடைய மூளை அப்படித்தான்: கரியமில வாயு சற்று ஏறியதும் வேகவேகமாக மூச்சிழுத்து, அதை அளவுக்கு மேல் வெளியேற்றி, பிறகு மூச்சுத் தூண்டுதலையே குறைத்துவிடும். தூண்டுதல் குறையும்போது தொண்டைத் தசையும் தளரும், அடைப்பு விழும். வேறு சிலருக்குச் சிறு அடைப்புக்கே தூக்கம் கலைந்துவிடுவதால், தசை தானாக இறுகி வழியைத் திறந்துகொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் காணப்படுகின்றன. ஒரே மாதிரி தொண்டை உள்ள அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவது இதனால்தான். சாதாரண ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டில் இது தனியாக எழுதப்பட்டிருக்காது.

தைராய்டு சுரப்பு குறைந்தால் நாக்கு தடிக்கும், தசை சோரும், டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். புகைபிடித்தால் தொண்டைச் சவ்வு எப்போதும் வீங்கியே இருக்கும். மோதிரமும் செருப்பும் வருடா வருடம் இறுகிக்கொண்டே போனால் வளர்ச்சி ஹார்மோனைச் சோதிக்க வேண்டும், இது அரிது. ஆண்களுக்குப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்றாலும் மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் ஏறக்குறைய அதே நிலை வந்துவிடுகிறது. பெண்களுக்குக் குறட்டையைவிடத் தூக்கமின்மை, காலைத் தலைவலி, ஓயாத அசதி என்று வெளிப்படுவதால் மருத்துவர்களே தவறவிடுகிறார்கள். உங்களுக்கும் பின்னாளில் அப்படி இருந்தால் வயசு என்று ஒதுக்காதீர்கள்.

மாமனாருக்கு இருந்ததா என்றால், இருந்திருக்கலாம். இந்த நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. தாடை, அண்ணம், நாக்கின் அளவு, கொழுப்பு தங்கும் இடம், மூச்சை மூளை நடத்தும் விதம் எல்லாமே பரம்பரையாக வருபவை. நோய் அப்படியே இறங்கி வருவதில்லை. குறுகலான வழி வருகிறது. அதன்மேல் வயது, வயிறு, மது சேரும்போது ஒரு கட்டத்தில் எல்லை தாண்டுகிறது. உங்கள் கணவருக்கு நடந்தது இதுதான் என்பது என் கருத்து: பிறவியிலேயே சிறிய பெட்டி, அதில் 10 கிலோவுக்கான கொழுப்பில் ஒரு பங்கு, அடைத்த மூக்கு, உட்கார்ந்த தொழில், மது, மாத்திரை.

இத்தனை காரணம் இருக்க ஏன் ஒரு மெஷின்? தட்டை ஹோஸுக்குள் சிறிது அழுத்தம் கொடுத்தால் அது ஒட்டாது. சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் செய்துகாட்டியது அவ்வளவுதான். சிபாப் ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. அறைக் காற்றையே 4 முதல் 20 செ.மீ. நீர்மட்ட அளவுக்குள் அவருக்கு வேண்டிய அழுத்தத்தில் முகமூடி வழியாக அனுப்புகிறது. எந்தக் காரணத்தால் வழி குறுகியிருந்தாலும் அது திறந்து நிற்கும். கழற்றி வைத்தால் அன்றிரவே அடைப்பு திரும்பும். முதல் இரண்டு வாரத்தில் பலர் விட்டுவிடுவது மெஷினால் அல்ல, பொருந்தாத முகமூடியால். படுத்த நிலையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். வாய் திறந்து தூங்குபவர் என்றால் மூக்கு மட்டும் மூடும் முகமூடியில் காற்று வாய் வழியே கசியலாம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவதையும் மாட்டிப் பார்க்கட்டும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றி, தினமும் மாற்ற வேண்டும். அவர் பகலில் தூங்குபவர். மெஷின் எந்தத் தூக்கத்துக்கும் வேண்டும், பகல் தூக்கத்துக்கும் சேர்த்து. லாரியில் படுக்கும் நாளுக்கு, வண்டியின் 24 வோல்ட் பாட்டரியில் ஓடத் தகுந்த கன்வர்ட்டர் கிடைக்குமா என்று விற்பவரிடம் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

மெஷின் அவருக்கு ஒத்துவராவிட்டால், கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே இழுத்து வைக்கும் பல் கருவியைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். தாடை காரணமாக, மல்லாந்தால் அதிகமாகும் வகைக்கு அது நன்றாகப் பொருந்தும். பூட்டியபின் இன்னொரு ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்துத்தான் போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். குறட்டை நின்றதை வைத்து அல்ல.

ஒன்றை மட்டும் உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். மெஷின் பழகி, பகல் தூக்கக் கலக்கம் போகும் வரை அவர் லாரி ஓட்டவே வேண்டாம். முதலாளியிடம் ரிப்போர்ட்டைக் காட்டிச் சில வாரம் லோடு ஏற்றி இறக்கும் பொறுப்பு கேளுங்கள். பிறகு ஓட்டும்போதும் இமை கனத்தாலோ, கடந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டாலோ டீ குடித்துச் சமாளிக்காமல் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்கிவிட வேண்டும். அந்த மலைப்பாதையில் மூன்று நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும்.

மகனுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. 2 வயது முதல் 8 வயது வரை மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் டான்சிலும், தொண்டையின் அளவோடு ஒப்பிடும்போது பெரிதாக இருக்கும். சளி, ஒவ்வாமை திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் வீங்கும். வளர்ந்தால் சதை தானாகச் சுருங்கும் என்பது சரிதான். ஆனால் அதுவரை வாயால் மூச்சுவிட்டே வளரும் பிள்ளைக்கு முகம் நீண்டு, அண்ணம் குறுகி, தாடை பின்தங்கலாம். அப்பாவின் சிறிய பெட்டி மகனுக்கும் வந்திருந்தால், அது இன்னும் சிறிதாகிவிடக் கூடாது. கழுத்தைப் பின்னே வளைத்துத் தூங்குகிறானா, தூக்கத்தில் தலை வியர்க்கிறதா, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வந்திருக்கிறதா, பகலில் துறுதுறுவென்று ஓர் இடத்தில் உட்காராமல் பாடத்தில் கவனம் சிதறுகிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தூங்கி வழிவதில்லை; இப்படித்தான் காட்டுவார்கள். அவர்களுக்கு ஏ.எச்.ஐ. 1க்கு மேல் போனாலே இயல்பு அல்ல, பெரியவர்களின் 5 என்ற அளவு பொருந்தாது. லேசாக இருந்தால் மூக்கு ஸ்பிரே சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். அடைப்பு அதிகமென்றால் அடினாய்டையும் டான்சிலையும் எடுப்பதுதான் முதல் சிகிச்சை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதிலேயே நன்றாகக் குணம் தெரியும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகும்முன் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 3, 4 மணிக்கு, குறட்டை பலமாக இருக்கும்போது, சட்டையை விலக்கி முகமும் நெஞ்சும் வயிறும் ஒன்றாகத் தெரியும்படி, இரண்டு நிமிடம் போதும். சத்தமும் பதிவாகட்டும். மூச்சிழுக்கும்போது வயிறு மேலே எழும்ப, நெஞ்சுக் குழியும் விலா இடுக்கும் உள்ளே வாங்கினால் பரீட்சை லீவு வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே கொண்டு காட்டுங்கள்.